அக்கா பாஸ் பண்ணிய பீஸ்

அந்த அக்காவின் வலது கட்டைவிரல் படாமல் எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு டப்பாகூட வெளியே போனதில்லை. டப்பா என்றால் சோற்று டப்பா இல்லை. சுவரில் மாட்டுகிற கரன்ட் பெட்டி, கதவும் பூட்டும் வைத்த இரும்புப் பெட்டி. கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் எங்களுடையது சின்ன கம்பெனி. தகட்டை வெட்டுவார்கள், மடிப்பார்கள், வெல்டு வைப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். கடைசியில் எல்லாம் அக்காவின் மேஜைக்கு வந்து நிற்கும். அக்காதான் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். அவள் பாஸ் பண்ணியதை ஃபோர்க்லிஃப்டில் தூக்கிப்போய் லாரியில் வைப்பது என் வேலை. அவள் பாஸ் பண்ணாத நேரத்தில் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டு போகிறவர்களை வருகிறவர்களை வம்பிழுப்பதும் என் வேலைதான். அதற்குச் சம்பளம் கிடையாது.

அளக்கிற கருவி எல்லாம் அவள் மேஜையில் வரிசையாக இருக்கும். அது ஆடிட்டுக்கு வருகிறவர்கள் பார்க்க. அக்கா பார்க்கிற விதம் வேறு. பெட்டியைத் தூக்கி டியூப்லைட்டுக்குக் கீழே சாய்ப்பாள். பெயின்ட் மேல் விழுகிற லைட்டின் கோடு நேராக ஓடினால் தகடு நல்ல தகடு. கோடு எங்கேயாவது நெளிந்தால் அங்கே குழி இருக்கிறது. அப்புறம் கதவு இடுக்கில் நகத்தை விட்டுச் சுற்றி ஒரு ஓட்டம். நடுவில் கட்டைவிரலால் ஒரு அமுக்கு. கடைசியாக, கதவை ஒற்றை விரலால் திறந்து பாதியில் விட்டுவிடுவாள். விட்ட இடத்தில் கதவு நிற்கவேண்டும். கொஞ்சம் அசைந்தாலும் ஹிஞ்ச், அதாவது கதவின் கீல், சரியில்லை.

பச்சைப் பொட்டு வைத்தால் பாஸ். சிவப்பு வைத்தால் ரிஜெக்ட். மஞ்சளும் உண்டு. மஞ்சள் என்றால் ஹோல்டு, அதாவது இப்போது முடிவு சொல்லவில்லை, பிறகு பார்க்கலாம். மற்ற இன்ஸ்பெக்டர்களுக்கு மஞ்சள்தான் உயிர். சூப்பர்வைசர் கத்தினால் மஞ்சள், டீ டைம் வந்தால் மஞ்சள். அக்காவின் மஞ்சள் மார்க்கரோ மூடியே திறக்காமல் காய்ந்துபோயிருந்தது.

"ஏன்க்கா, இத்த ஒரு தபா கூட யூஸ் பண்ணலயா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லாக்கீதா, இல்லியா. அதானே கேக்கறாங்க. இதுல அப்பறம்னா இன்னாடா இருக்குது?"

புதுவாயலில் நாங்கள் இருந்ததும் ஒரே வீடு. கீழ் அறையில் நானும் இன்னும் இரண்டு பேரும். மாடியில் ஒற்றை அறையில் அக்கா. அவளுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். கல்யாணம் ஆகவில்லை. அதைக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லாததால் நான் கேட்டேன்.

"ஒருத்தன் வந்தான் நைனா. நல்ல எடம்தான். எங்க ஊட்டு சேர்ல ஒரு காலு குட்டை. அதுல உக்காந்து ஒரு மணி நேரம் ஆடிக்கினே இருந்தான். ஆடறது அவனுக்கே தெரியல. அவங்கூட எப்டி குடும்பம் பண்றது?"

"சேரு உன்னுது. ரிஜெக்ட்டு அவனா?"

"சேரத்தான் மொதல்ல ரிஜெக்ட் பண்ணேன்" என்றாள். சிரிக்கவில்லை. அவள் ஜோக் அடித்தாளா, நிஜத்தைச் சொன்னாளா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

லீவு நாளிலாவது அவள் முகம் கொஞ்சம் மலரும் என்று எதிர்பார்த்து நான் ஏமாந்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி துவைத்துக் காயப்போடுவாள். இரண்டு சுடிதார், ஒரு துண்டு, கம்பெனி கோட்டு. அவ்வளவுதான் கொடியில் தொங்கும். பாக்கிக் கயிறு முழுக்கக் காலி. அந்தக் காலிக் கயிற்றை எங்கள் மூன்று பேர் பேன்ட்டுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு, மத்தியானம் முழுக்கக் கதவைச் சாத்திக்கொள்வாள். டிவி சத்தம்கூடக் கேட்காது.

அவளுக்கு இருந்தது ஒரு தம்பி. சதீஷ். அம்மா அப்பா போனபிறகு அவனை வளர்த்ததும் படிக்கவைத்ததும் இவள்தான். மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கி, கம்ப்யூட்டரில் பொம்மை படம் செய்கிற படிப்பு படித்துக்கொண்டிருந்தான். எப்போதாவது போன் பண்ணுவான். எங்கள் வீட்டில் மாடிப்படியில் மட்டும்தான் டவர் ஒழுங்காகக் கிடைக்கும். அக்கா மூன்றாவது படியில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவாள். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன். நீ?" "ஆச்சு." "செரிக்கா, வெச்சிடறேன்." நாங்கள் கீழே அரிசியைக் கழுவி உலையில் போடுவதற்குள் பேச்சு முடிந்திருக்கும்.

அந்த மே மாதம் அவனுக்கு ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. ஒன்றரை மாதத்தில் போய்ச் சேரவேண்டும். சொந்த லேப்டாப் கொண்டுவரவேண்டும், இல்லாவிட்டால் ட்ரெய்னிங்கில் உட்காரமுடியாது என்று சொல்லியிருந்தார்கள். அதுவும் சாதாரண லேப்டாப் இல்லை. பொம்மைக்கு உயிர் கொடுக்கிற பெரிய லேப்டாப். பரோட்டா கல் அகலத்துக்கு ஸ்கிரீன், தூக்கினால் தோள் இறங்கும்.

"ரெண்டு மாடல் பாத்து வெச்சிக்கீறேன்க்கா" என்றான் சதீஷ். "ஒண்ணு சில்வர், ஒண்ணு கருப்பு. உள்ள கீறதெல்லாம் ஒண்ணுதான். ரேட்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். பாடி எது ஸ்ட்ராங்குனு மட்டும் நீ போய் கை வெச்சி பாத்து சொல்லு. நீ இன்னா சொல்றியோ அத்த எடுத்துக்கறேன்."

அன்றைக்குப் படியிலிருந்து இறங்கி வந்த அக்காவைப் பார்க்கவேண்டுமே. கலெக்டர் ஆர்டர் வாங்கின மாதிரி வந்தாள்.

"ஞாயித்துக்கெழம திருவள்ளூர் போணும். வரியா நைனா?"

"நான் எதுக்குக்கா?"

"அவன் சொல்றதுல பாதி இங்கிலீசு. உனக்கும் தெரியாது. ரெண்டு பேரா தெரியாம இருந்தா தைரியமா இருக்கும்."

பெரியபாளையம் வழியாக பஸ். திருவள்ளூரில் அந்த ஷோரூமின் உள்ளே கால் வைத்தாலே பல் கிட்டுகிற ஏசி. சதீஷ் முன்கூட்டியே போனில் சொல்லிவைத்திருந்தான். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பையன், "உங்களுக்காகவே ரெண்டு டிஸ்ப்ளே பீஸ் மெட்ராஸ்லேர்ந்து வரவெச்சிருக்கோம் மேடம்" என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். ஸ்கிரீனில் சிங்கம் ஓடியது, மீன் நீந்தியது. மெமரி என்றான், கிராஃபிக்ஸ் கார்டு என்றான். அக்கா சிங்கத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூடியைச் சாத்தினாள். தலைக்கு மேல் டியூப்லைட் எங்கே இருக்கிறது என்று தேடினாள்.

அந்தப் பையனின் முகத்தை நான் ரசித்துக்கொண்டே நின்றேன். அவன் வாழ்க்கையில் எத்தனையோ கஸ்டமர் பார்த்திருப்பான். லேப்டாப்பைக் கண்ணுக்கு நேராகத் தூக்கி, ஒற்றைக்கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிற கஸ்டமரைப் பார்த்திருக்கமாட்டான். பிறகு நகம் ஓடியது. பிறகு கட்டைவிரல்.

அன்று சாயந்திரம் ஏழு மணிக்கு சதீஷ் போன் பண்ணினான்.

"கருப்பு நடுவுல அமுக்குனா உள்ள போவுது" என்று ஆரம்பித்தாள் அக்கா. "கீபோர்டு நட்டநடுவுல. தண்ணி மேல பலக போட்டா மாதிரி. வெள்ளி கல்லுடா. அசையல. ஆனா ஓரம் கத்தி மாதிரி கீது. நீ நாள் பூரா மணிக்கட்டு வெச்சினு இருப்ப, கோடு வுழும்."

"செம்மக்கா. இதெல்லாம் ரிவ்யூல எவனும் சொல்ல மாட்டான். அப்ப கருப்பா?"

"இர்றா. இன்னும் ஹிஞ்ச் பாக்கல."

அரை மணி நேரம் பேசினார்கள். எங்கள் சோறு குழைந்துபோனது. மறுநாள் ஏழு மணிக்குத் திரும்பவும் போன். "இன்னாக்கா, யோசிச்சியா?" அடுத்த நாளும் வந்தது. லேப்டாப்பில் ஆரம்பித்து ஹாஸ்டல் சாம்பார், அவன் தலைமுடி கொட்டுவது, அவள் கம்பெனியில் புது சூப்பர்வைசர் என்று பேச்சு எங்கெங்கோ போகும். ஏழு மணி ஆவதற்கு முன்பே அக்கா முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு மூன்றாவது படிக்கு வந்துவிடுவாள். வீடியோ கால்கூட இல்லை, வெறும் போன்தான்.

இரண்டாவது ஞாயிறு ஹிஞ்ச் பார்த்தோம். கருப்பு ஒற்றை விரலுக்குத் திறந்தது, விட்ட இடத்தில் நின்றது. வெள்ளிக்கு இரண்டு கை வேண்டும். ஒரு கையால் தூக்கினால் அடிப்பக்கமும் சேர்ந்து எழுந்தது. மூன்றாவது ஞாயிறு அக்கா கருப்பை ஒரு மூலையில் பிடித்து அந்தரத்தில் தூக்கினாள், முறுக்கு தாங்குகிறதா என்று பார்க்க. பின்னால் கட்டியிருந்த ஒயர் இழுபட்டு அலாரம் அடிக்க ஆரம்பித்தது. கடை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. வாசலில் இருந்த செக்யூரிட்டி ஓடிவந்தார்.

"அலாரம் நல்லா வேல செய்யுது" என்றாள் அக்கா, அதற்கும் பச்சைப் பொட்டு வைப்பவள்போல.

"மேடம், நீங்க பில்லு போட்டுட்டு வூட்ல வெச்சி எவ்ளோ வேணா முறுக்குங்க" என்றான் பையன். அழாத குறை.

நான்காவது ஞாயிறு பார்க்க எதுவும் மிச்சம் இல்லை. ஸ்குரூவரைக்கும் எண்ணியாயிற்று. ஆனாலும் போனோம். அக்கா இரண்டையும் திரும்பவும் டியூப்லைட்டுக்குச் சாய்த்தாள். பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். இரண்டிலும் லைட்டின் கோடு ரயில் தண்டவாளம் மாதிரி நேராக ஓடியது.

அன்று சாயந்திரம் போனில் சொன்னாள். "வெள்ளில மூடி மேல ஒரு நெளி கீதுடா. லைட்டு கோடு வளையுது. இன்னொரு தபா பாக்கணும்."

நான் படிக்குக் கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அவள் பேசி முடிக்கும்வரைக்கும் வாய் அரித்துக்கொண்டே இருந்தது. முடித்ததும் விட்டேன்.

"யக்கா. லைட்டு நேராத்தானே கீது? நானும்தானே பாத்தேன்."

"உனக்கு இன்னா தெரியும்?"

"ஃபேக்டரில ஒரு நாள்கூட மஞ்ச பொட்டு வெக்காதவ, லேப்டாப்புக்கு ஒரு மாசமா மஞ்ச வெச்சிக்கினு கீற. செலக்ட் பண்ணிட்டா ஏழு மணிக்கு போன் வராது. அதானே?"

கேலியாகத்தான் சொன்னேன். எப்போதும் சொல்வதுபோல. கூட இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்கா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பவுடர் போட்ட முகத்தோடு எழுந்து மேலே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெங்காயத்தால்தான் எனக்குக் கண் எரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அவள் என்னிடம் பேசவில்லை. அவளே சதீஷிடம் சொல்லிவிட்டாள், "கருப்பு எட்த்துக்கலாம்" என்று. அவனும் நேரமாகிவிட்டது என்று பதறிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். திங்கட்கிழமை ஹைதராபாத்தில் சேரவேண்டும், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் சென்ட்ரலில் ரயில். அன்று காலை பெட்டி படுக்கையோடு எலெக்ட்ரிக் ட்ரெய்ன் ஏறித் திருவள்ளூருக்கே வந்துவிட்டான். அக்கா என்னையும் கூப்பிட்டாள். கோபம் போய்விட்டதா, பழக்கமா என்று கேட்கவில்லை.

சதீஷ் நல்ல பையன்தான். பார்த்ததும் அக்கா தோளில் கைபோட்டான். மறுகையில் போனைப் பார்த்தான்.

கடைப் பையன் சீல் வைத்த புது டப்பாவைக் கொண்டுவந்து பிரித்தான். கருப்பு, புத்தம் புதுசு. அக்கா கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். லைட்டுக் கோடு நேர். நகம் எங்கேயும் இறங்கவில்லை. மூடியை ஒற்றை விரலால் திறந்து பாதியில் விட்டாள்.

மூடி நின்றது. ஆனால் இடதுபக்க மூலை மட்டும் லேசாக நடுங்கி, அப்புறம்தான் அடங்கியது. அக்கா விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். திரும்பவும் நடுங்கியது. இடது ஹிஞ்சில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். எனக்கே கேட்டது.

"புது பீஸ் இல்லியா மேடம், யூஸ் பண்ணப் பண்ண செட் ஆயிடும்" என்றான் பையன். எங்கள் கம்பெனியில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அக்கா சிவப்புப் பொட்டை அவன் நெற்றியில் வைத்திருப்பாள்.

"வேற கருப்பு கீதா?" என்று நான் கேட்டேன்.

"இது ஒண்ணுதான் ஸ்டாக். இன்னொண்ணு வர நாலு நாள் ஆவும். சில்வர் வேணா ரெடியா இருக்கு."

"இன்னாக்கா, ஓகேவா?" சதீஷ் வாட்சைப் பார்த்தான். "ஒனக்கு டவுட்டு இருந்தா சில்வரே எட்த்துக்கறேன். எனக்கு எதுவா இருந்தாலும் செரி."

அக்கா இடது ஹிஞ்சைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"வாணாம். இதே நல்லாக்கீது. எட்த்துக்கோ."

வாயைத் திறந்து சொல்லிவிடலாமா என்று எனக்கு இருந்தது. ஊரில் எல்லாருடைய ஓட்டையையும் சத்தம் போட்டுச் சொல்கிறவன் நான். அன்றைக்கு லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். ஸ்டேஷன்வரை போய் அவனை ஏற்றிவிட்டோம். ஜன்னலில் கை ஆட்டினான். மடியில் லேப்டாப் பையை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. பெரியபாளையம் தாண்டினபிறகு கேட்டேன்.

"லெஃப்ட் ஹிஞ்ச் லூஸு."

"தெரியும்."

"தெரிஞ்சே ஏன்க்கா வுட்ட? ரெண்டு மாசத்துல புட்டுக்கும்."

அக்கா வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம கம்பெனில ஒரு பீஸு வெளிய போய் கம்ப்ளெயின்ட் ஆனா, மொத போன் யாருக்கு வரும்?"

"பாஸ் பண்ணவங்களுக்கு."

"அவ்ளோதான்" என்றாள்.

பதினெட்டு வருஷ வேலையில் தெரிந்தே ஒரு பழுதுப் பெட்டியைக் கேட் தாண்டவிடாதவள் அவள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருவதற்கே எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது. இறங்கும்போது என் டிக்கெட்டையும் அவள் டிக்கெட்டையும் சேர்த்து மடித்து, லேப்டாப் பில்லோடு பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டாள்.

போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு போன் வந்தது. ரூம் கிடைத்துவிட்டது என்று ஒன்று. அதற்கப்புறம் இல்லை. பில்லையும் வாரன்டி அட்டையையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காலண்டர் ஆணியில் மாட்டி வைத்திருந்தாள், சதீஷ் கேட்டால் உடனே நம்பர் படித்துச் சொல்ல. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக்கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். டீ டைமில் எல்லாரும் கேன்டீனுக்குப் போனால் அக்கா மட்டும் கேட்டுக்கு நடப்பாள். அங்கிருந்து கேன்டீனுக்கு வருவதற்குள் டீ ஆறிப்போயிருக்கும்.

ஆரம்பத்தில் நான் சும்மா இருக்கவில்லை. "இன்னாக்கா, இன்னும் புட்டுக்கலயா? கம்பெனிக்காரன் நல்லாத்தான் செஞ்சிக்கீறான்போல" என்பேன். "ஆடும். இன்னும் கொஞ்ச நாள்ல தெரியும்" என்று அவளும் வேலைக் கணக்காகப் பதில் சொல்வாள். மூன்றாவது மாதத்தில் கேட்பதை நானே விட்டுவிட்டேன். அதே மூன்று மாதத்தில் எங்கள் கம்பெனியிலிருந்து போன பெட்டிகளில் ஒன்றுக்கும் கம்ப்ளெயின்ட் இல்லை என்று முதலாளி எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். அக்கா லட்டை நடுவில் அமுக்கிப் பார்த்துவிட்டு என்னிடம் தந்துவிட்டாள்.

எனக்கு ஆவடிப் பக்கம் வேறு வேலை கிடைத்து, செவ்வாப்பேட்டையில் ரூம் பார்த்திருந்த நேரம். மூட்டை கட்டிக்கொண்டிருந்த ஒரு சாயந்திரம் அக்கா மூன்றாவது படியில் வந்து உட்கார்ந்தாள். அவளே போன் போட்டாள். நாலைந்து தடவை அடித்தபிறகு எடுத்தான். பின்னால் யார் யாரோ சிரிக்கிற சத்தம்.

"சதீசு, லேப்டாப்பு எப்டிக் கீது?"

"எந்த லே... ஓ, அதுவா? சூப்பராக் கீதுக்கா."

"மூடி ஆடலியா? லெஃப்ட் சைடு?"

"தெரிலக்கா. சேந்த ரெண்டாவது வாரமே ஆபீஸ்ல பெரிய மிஷினு குட்த்துட்டாங்க. அது அப்பலேர்ந்து பீரோலதான் கீது. இன்னா விசயம்?"

"ஒண்ணியும் இல்ல. சாப்ட்டியா?"

"ஃப்ரெண்ட்ஸோட வெளிய கீறேன்க்கா. அப்பறமாப் பண்றேன்."

ஸ்பீக்கர் அடங்கியது. நான் மூட்டைக் கயிற்றைக் கையில் பிடித்தபடி நின்றேன். ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்று தேடினேன். அக்காதான் பேசினாள். போன் ஸ்கிரீனைச் சுடிதார் துணியால் துடைத்துக்கொண்டே, ஷிஃப்ட் முடிவில் சூப்பர்வைசரிடம் ரிப்போர்ட் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"அப்ப அதுக்கு ஒண்ணும் ஆவாது நைனா. தொறந்தாத்தானே லூஸாவும்."